தண்ணீர் குறைந்த கோடையில் ரோஜா: அவரவர் அனுபவம்

கிணற்றடி:

கோடை வந்தாலே ரோஜா வளர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூ ஏன் இப்படிச் சிறுத்துவிட்டது?" அந்தக் கேள்வியை வெயில் தணியும்வரை தள்ளி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் செடிக்குப் பூவில் அக்கறை இல்லை. இலைத்துளைகளை மூடிக்கொண்டு இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது, உணவு தயாரிப்பும் குறையும். அந்த நிலையில் வருகிற மொட்டில் இதழ் குறைவாக இருக்கும், நிறம் வெளுக்கும், காலையில் விரிந்தது சாயங்காலத்துக்குள் ஓரம் கருகிவிடும். வாசனையும் விடிகாலையில் முகர்ந்தால்தான் உண்டு.

அதனால் கடுங்கோடையில் மொட்டு தலைகாட்டியதும் கிள்ளிவிடுகிறேன். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குவது தனிக்கதை. கிள்ளும்போது மொட்டை மட்டும்தான் எடுப்பேன், ஓர் இலையைக்கூடத் தொடமாட்டேன். தண்டுக்கு அந்த இலைகள்தான் நிழல். கவாத்து பக்கமே போகக்கூடாது. வெட்டினால் புதுத் தளிர் தள்ளும், தளிருக்குத் தண்ணீர் வேண்டும், அது நம்மிடம் இல்லை. போதாக்குறைக்கு நிழல் இழந்த தண்டு மேற்கு வெயில் படுகிற பக்கமாகக் காய்ந்து கறுத்துப்போகும்.

அடுத்தது தண்ணீர். பற்றாக்குறை வந்ததும் பலர் செய்வது, தினமும் ஒரு சொம்பு தெளித்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்வது. அதில் மேல்மண் இரண்டு விரல் ஆழம் நனையும், மதியத்துக்குள் அதுவும் ஆவியாகிவிடும். அதே தண்ணீரைச் சேர்த்துவைத்து, நிலத்தில் இருக்கிற செடிக்கு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, விடிகாலையில், மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஓர் அடி ஆழம்வரை இறங்கும், வேரும் அதைத் தேடிக் கீழே போகும். எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமாகக் கொடுக்க நினைத்தால், அரை சதுர மீட்டர் பாத்திக்கு 12, 13 லிட்டர் ஆகும். ஒரு வாளிதான். அதை இரண்டாகப் பிரித்து ஊற்றினால்கூடச் சரி, ஏழாகப் பிரிப்பதில்தான் பயனில்லை.

மதியம் இலை தொங்குவதைப் பார்த்து வாளியோடு ஓடாதீர்கள். மண்ணில் ஈரம் இருந்தாலும், வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை வழியாக வெளியேறும் வேகம் அதிகமானால் செடி தொங்கத்தான் செய்யும். வெயில் சாய்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் அதுதான் நிஜமான தாகம். சந்தேகமாக இருந்தால் விரலை மண்ணில் முழுதாக விட்டுப் பார்ப்பேன். கருவி எல்லாம் எதற்கு?

நல்ல நீர்ப்பாய்ச்சலுக்குப் பிறகு காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை எது கிடைக்கிறதோ அதை 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளி. காய்ந்த மண்மேல் மூடாக்கு போட்டுவிட்டு அதன்மேல் லேசாகத் தெளித்தால், நனைவது மூடாக்கு மட்டும்தான்.

மொட்டைமாடி:

அண்ணே, நீங்கள் சொன்னது நிலத்துக்குச் சரி. தொட்டிக்காரர்கள் நான்கைந்து நாள் காத்திருந்தால் விறகுதான் மிஞ்சும். தொட்டியில் வேர் ஓடி ஒளிய இடமே இல்லை. கறுப்புத் தொட்டியில் வெயில் படுகிற பக்கத்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூட்டில் பக்கச் சுவரை ஒட்டிய மெல்லிய வேர்கள் வெந்துவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்ச ஆள் இல்லை.

நான் செய்வது இதுதான். கோடை தொடங்கும்போதே எல்லாத் தொட்டிகளையும் நெருக்கமாகக் கூட்டி வைத்துவிடுவேன். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். வெளி வரிசைக்குச் சாக்கு சுற்றிவிடுவேன். தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைப்பேன், தளத்தின் சூடு ஏறாது, வடிதுளையும் அடையாது. காலை வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் ரோஜாவுக்குப் போதும். மதியத்துக்கு மேல் பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை. வலையைச் செடியோடு ஒட்டிக் கட்டாதீர்கள், தலைக்கு மேல் ஆள் உயரத்துக்குக் கட்டினால்தான் காற்று ஓடும்.

தொட்டியில் தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடும். ஊற்றுகிற தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கி அடியில் ஓடிவிடும். நாம் 'ஆஹா, நிறைய ஊற்றிவிட்டோம்' என்று திரும்பிவிடுவோம், உள்ளே மண்ணுருண்டை காய்ந்தே கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஆன தொட்டியை ஓர் அகலமான பாத்திரத் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமுக்கி வைத்து எடுக்க வேண்டும். மிஞ்சிய தண்ணீர் அடுத்த செடிக்கு.

முள்ளும் சொல்லும்:

யாரும் இன்னும் சிலந்திப்பேனைப் பற்றிப் பேசவில்லையே! எங்கள் தெருவில் தூசி அதிகம், கோடையில் எனக்கு முதல் எதிரி அதுதான், வெயில் இரண்டாவது.

இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளி தெரிந்தால் வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் நகரும் தூசி இருந்தால் ஆள் வந்தாயிற்று. எட்டுக்கால் உயிரி அது, பூச்சி இல்லை. அதனால் வழக்கமான பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அது அசைவதில்லை. மருந்தில் சாவது அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான், அதன்பின் சிலந்திப்பேன் முன்னைவிட வேகமாகப் பெருகும். 30 டிகிரி வெப்பத்தில் முட்டை வளர்ந்து பேனாக ஒரு வாரம் போதும்.

எனக்குப் பலன் கொடுத்தது வெறும் தண்ணீர். விடிகாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீச்சுவேன், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல். தண்ணீர் இல்லாத ஊரில் இது ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம், கைத்தெளிப்பானில் ஒரு செடிக்கு அரை லிட்டர் போதும், அதுவும் வழிந்து வேருக்குத்தான் போகிறது. காலையில் செய்தால் வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிடும், கரும்புள்ளி நோய்க்கு இடம் இல்லை. வேப்பெண்ணெய் அடிக்கிறவர்கள் 32 டிகிரிக்கு மேல் வெயில் போகிற நாளில் அடிக்காதீர்கள். எண்ணெயும் வெயிலும் சேர்ந்து இலையை எரித்துவிடும். கந்தகத்தூளும் அப்படித்தான்.

ஒட்டுச்செடி:

தண்ணீர் பற்றாக்குறையில் கழிவுநீரைத் திருப்பிவிடுவது பற்றி என் பங்குக்கு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பே இல்லாதது, தாராளமாக ஊற்றலாம். குடிநீர் சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் தண்ணீர் நேர் எதிர், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ரோஜா உப்பைத் தாங்காத செடி. பழைய இலைகளின் ஓரம் முதலில் பழுப்பாகிக் காயும், அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் அதையே ஊற்றுவோம். அந்தத் தண்ணீரை அரளிக்கு விட்டுவிட்டு, அரளிக்கு ஊற்றிவந்த நல்ல தண்ணீரை ரோஜாவுக்கு மாற்றிக்கொண்டேன். துணி துவைத்ததில் சோப்பு நுரை உள்ள தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடைசி அலசல் தண்ணீர் நிலத்துச் செடிக்குப் பரவாயில்லை, தொட்டிக்கு வேண்டாம்.

உரத்தையும் நிறுத்துங்கள். உரமும் உப்புதான், கரைத்து இறக்கத் தண்ணீர் இல்லாதபோது வேரில் தங்கிச் சுடும்.

இன்னொன்று. கோடையில் மேலே காய்ந்த ஒட்டுச்செடி திடீரென்று அடியிலிருந்து வீரியமாகத் துளிர்த்தால் உடனே கொண்டாட வேண்டாம். ஒட்டுக்கட்டின முடிச்சுக்குக் கீழிருந்து வந்திருந்தால் அது வேர்ச்செடியின் தளிர், அதாவது ஒட்டுக்கு அடியில் வேர் கொடுக்கிற வேறு ரோஜா; நீங்கள் வாங்கின ரோஜா அல்ல.

பன்னீர்ப்பூ:

கிணற்றடி அண்ணனோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. எல்லா மொட்டையும் கிள்ளச் சொல்கிறீர்களே, எங்கள் வீட்டு நாட்டு ரோஜா வருஷம் முழுக்கப் பூக்கிறது. கோடையிலும் நிற்பதில்லை, பூ சின்னது, அவ்வளவுதான். சொந்த வேரில் பழகிய பழைய செடிக்கும், போன மாதம் வைத்த பெரிய பூ ஒட்டுக்கும் ஒரே சட்டம் எப்படி?

கிணற்றடி:

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. சீன ரோஜா, டீ ரோஜா போன்ற பழைய ரோஜா வகைகள் வெப்பத்தில் பழகினவை, அவற்றின் மொட்டை விட்டுவிடலாம். நான் சொன்னது அடுக்கடுக்காகப் பெரிய பூ பூக்கும் ஒட்டுகளுக்கு, அதிலும் வேர் பிடிக்காத புதுச்செடிக்கு. தண்ணீர் எல்லாருக்கும் போதாது என்ற நிலை வந்தால்கூட இந்தப் பிரிவினைதான் உதவும். முதலில் தொட்டிச்செடி, அடுத்து இந்த வருஷம் நட்டது, கடைசியில் நிலத்தில் பல வருஷம் நின்ற செடி. கடைசி வகை கீழிலைகளைப் பழுக்கவிட்டு உதிர்த்து, தானே செலவைக் குறைத்துக்கொள்ளும். மொட்டையாக நின்றால் பயந்து பிடுங்கிவிடாதீர்கள், தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

மொட்டைமாடி:

ஒரு வாரம் வெளியூர் போகிறவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? பக்கத்து வீட்டில் சொன்னால் செடியை மூழ்கடித்துவிடுகிறார்கள்.

ஒட்டுச்செடி:

நிலத்தில் என்றால் பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடிவிட்டுப் போங்கள். மண் காயக் காயப் பானை கசியும், ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும். சீனாவில் 2,000 வருஷங்களுக்கு முன்பே செய்த முறை இது. தொட்டிக்கு அந்த இடம் கிடையாது. ஊருக்குப் போகிற அன்று காலையில் எல்லாவற்றையும் நன்றாக நனைத்து, முழு நிழலுக்கு மாற்றிவிடுங்கள். அகலமான தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு, தொட்டியை அதில் நிறுத்தலாம். ஒரு வாரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் நின்றால் வேர் அழுகும். திரும்பி வந்ததும் நேரே வெயிலில் வைக்காமல் இரண்டு மூன்று நாள் வலைக்கடியில் வைத்து எடுங்கள்.