குறையுள்ள பெற்றோரை மதித்து நடப்பது: நம் குமரி-கேரள எல்லைக் கரையிலிருந்து சில அனுபவங்கள்

நீரோடியிலிருந்து ஒரு மகன்:

அப்பாவைப் பற்றி நான் பொய் எழுதப் போவதில்லை. கொச்சி தோப்பும்படியிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போய், வாரக் கணக்கில் கடலில் கிடந்து சுறா பிடித்தவர். கைக்கு வந்த பங்குப் பணத்தில் பாதியை வீடு வந்து சேரும் முன்பே குடித்தவர். அம்மாவை அடித்தவர். அம்மா போய்விட்டார். இப்போது அப்பா பக்கவாதம் வந்து, வலது கை விழுந்து, என் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறார்.

"இவருக்கு நீங்கள் ஏன் அண்ணா செய்கிறீர்கள்?" என்று தங்கை கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை; உண்மையாகவே புரியாமல் கேட்டாள். 'உன் தாய் தந்தையை மதித்து நட' என்ற நான்காம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாகச் சொன்னவள்தான். அதனால் அதைத் திரும்பச் சொல்லாமல், விவிலியத்தின் தொடக்க நூல் 9ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். வெள்ளம் வடிந்த பிறகு நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார், குடிக்கிறார், கூடாரத்தில் ஆடையில்லாமல் கிடக்கிறார். காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் எப்பேத்தும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போய், முகத்தைத் திருப்பியபடி தகப்பனை மூடுகிறார்கள். கடற்கரை மணலில் விழுந்து கிடந்த அப்பாவை எங்கள் பெரிய அண்ணன் கைலியால் போர்த்தித் தூக்கி வந்ததைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவள் அவள். வாசித்து முடித்ததும் வெகுநேரம் அழுதாள்.

நான் அதிகம் யோசித்தது வேறொன்றை. மகன்கள் மூடினார்கள், ஆனால் விவிலியம் மூடவில்லை. நோவா குடித்துக் கிடந்ததை எல்லாத் தலைமுறையும் வாசிக்கும்படி எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால், நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பது மதிப்பு ஆகாது. என் பிள்ளைகளிடம் தாத்தா நல்லவராக வாழ்ந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். குடித்தார், பாட்டியை அடித்தார், அது பாவம் என்றே சொல்வேன். சொல்லிவிட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டுவேன். ஆனால் தெருவில் யாரும் அவரைக் கேலி பேச விடமாட்டேன். இங்கே பெயர் போடாமல் எழுதுவதும் அதற்காகத்தான்.

தகப்பனின் அறிவு மங்கினாலும் பொறுமையாக இரு, உன் உடல் பலத்தை வைத்து அவரை இகழாதே என்று விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. திருக்குடும்பத் திருவிழாவில் வாசிக்கப்படும் அதிகாரம் அது. இரவில் நினைவு தடுமாறி அவர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டும்போது எனக்கு அந்த வரிதான் பிடிமானம்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு மகள்:

அண்ணா, உங்கள் தங்கையின் கேள்வி எனக்கும் இருந்தது. என் அம்மா அடித்ததில்லை. ஆனால் என் திருமணத்திற்குப் பிறகும் என் வீட்டில் எல்லாம் தன் சொல்படி நடக்க வேண்டும் என்பார். கணவரின் வீட்டாரோடு பேசக்கூடாது என்று கட்டளையே போட்டார். கேட்காவிட்டால் நான்காம் கட்டளையை மீறுகிறாய் என்பார். அந்தச் சொல் என்னை உள்ளுக்குள் அரித்தது. ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவ அறிக்கையில், இதைச் சொல்லி அழுதபோது, திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2217ஆம் பத்தியை வாசிக்கச் சொன்னார் அருட்தந்தை. பிள்ளைகள் வளர்ந்து தனித்து வாழத் தொடங்கும்போது கீழ்ப்படியும் கடமை முடிகிறது, மதிக்கும் கடமை முடிவதே இல்லை என்கிறது அது. தவறானது என்று மனச்சான்று உறுதியாகச் சொல்வதைச் சிறுபிள்ளைகூடச் செய்யக் கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது. கணவரின் வீட்டாரோடு பேசுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் தேய்ப்பதும் நான்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிக்கும் தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தே தீர வேண்டும் என்று யாராவது பிரசங்கம் செய்தால் நம்பாதீர்கள். பெண்களை அடிப்பது ஆண்மையின் பலம் அல்ல, கோழைத்தனம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் எழுதியிருக்கிறார். தூரத்தில் இருந்துகொண்டு மருந்துக்குப் பணம் அனுப்பும் மகளும் கட்டளையைக் காப்பவள்தான். உங்கள் தங்கையிடம் இதையும் சொல்லுங்கள்.

தூத்தூரிலிருந்து:

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம்; ஆனால் எங்கள் ஆலயப் பங்கு திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. மலையாளத் தியானங்களுக்கும் போவோம். அப்படி ஒன்றில் மாற்கு 7ஆம் அதிகாரத்தை விளக்கினார்கள். பெற்றோருக்குத் தர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கடிந்துகொண்ட பகுதி. பக்கத்தில் அமர்ந்திருந்த என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். குருசடி என்னும் சிறு சிலுவை ஆலயம் கட்ட அள்ளிக் கொடுத்தவர் அவர். எங்களைச் சிறுவயதில் விட்டுவிட்டுப் போய், வயதான பிறகு திரும்பி வந்த அப்பாவின் சர்க்கரை மருந்துக்கு மட்டும் ஒரு காசு தந்ததில்லை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது?" அப்பாவை இன்னும் மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு இப்போது அவரிடம் இருக்கிறது. மாதா மாதம் அவரே வாங்கிக்கொண்டு வருகிறார்.