ஜி-டி-ஜி சுருதிக்கு எந்த கேஜ் (தடிமன்) கம்பி? (மூன்று கம்பி, பிஸ்கட் டப்பா கிடார்)

கேள்வி – டப்பாக்கிடார்:
நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் (டப்பா மேல் கம்பியைத் தாங்கும் கட்டை) வரை 23 இன்ச். கழுத்து தேக்கு ரீப்பர், ட்ரஸ் ராட் (கழுத்து வளையாமலிருக்க உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி) இல்லை. 12-53 அக்கூஸ்டிக் செட்டில் ஏ, டி, ஜி கம்பிகளை (தடிமன் 42, 32, 24; இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) எடுத்து ஜி-டி-ஜி வைத்தேன். மற்ற இரண்டும் சரி. தடிக் கம்பி மட்டும் தொளதொளவென்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அடிக்கிறது. மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறது. எவ்வளவு தடிமனுக்குப் போகலாம்? கழுத்து தாங்குமா?

பதில் – மரத்தூள்:
இழுவிசை போதவில்லை, அவ்வளவுதான். 25.5 இன்ச் நீளத்தில் 42 கம்பியை ஏ-வுக்கு முறுக்கினால் சுமார் 13.5 கிலோ இழுக்கும். ஜி-க்கு இறக்கினால் 10.7. உங்கள் நீளம் 23 என்பதால் அதுவும் 8.7 ஆகிவிடும். டி-யும் மேல் ஜி-யும் அங்கே 11 கிலோவுக்கு மேல் நிற்கின்றன. தளர்ந்த கம்பியை அழுத்தும்போது சுருதி அதிகமாக நழுவும்.

ஜி-டி-ஜி என்பது நம்ம ச-ப-ச. ஒரு ஸ்தாயி இறங்கினால் தடிமன் இரண்டு மடங்கு, ஒரு பஞ்சமம் இறங்கினால் ஒன்றரை மடங்கு. இழுவிசை ஏறக்குறைய சமமாக இருக்கும். மேலே 24 என்றால் கீழே 48. அதை ஒன்றரையால் வகுத்தால் நடுவில் 32. ஆக, நீங்கள் மாற்ற வேண்டியது ஒரே ஒரு கம்பி. தனிக் கம்பி கிடைக்காவிட்டால் 10-47 அக்கூஸ்டிக் செட்டின் ஆறாவது கம்பி போதும்.

மேல் ஜி-க்கு எலெக்ட்ரிக் கிடார் செட்டின் மூன்றாவது கம்பியை எடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் சுற்றில்லாத 17. இந்த நீளத்தில் 6 கிலோதான் வரும்.

பதில் – ஆறாம்கம்பி:
கணக்கு சரி, ஆனால் 42-க்கு அறுத்த நட் பள்ளத்தில் 47 உட்காராது. மேலேயே தொங்கும், முறுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டு சுருதி தாவும். பழைய 47 அல்லது 48 கம்பித் துண்டையே அரம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்து அகலப்படுத்துங்கள். அடியைத் தோண்டிவிடக் கூடாது. தோண்டிவிட்டால் சமையல் சோடா தூவி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு நிரப்பி மறுபடி அறுக்கலாம். கடைசியில் பென்சில் முனையால் ஒரு தேய்ப்பு.

பிரிட்ஜ் ஒட்டாததுதானே? பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொட்டு மீட்டும் ஒலியும் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாகும்வரை நகர்த்துங்கள். தடிக் கம்பிப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் போகும், சாய்வாக நிற்கட்டும்.

கம்பியை வெட்டுமுன் முறுக்கும் கீ அருகே செங்குத்தாக மடித்துவிடுங்கள், இல்லையென்றால் சுற்று பிரியும்.

பதில் – மரத்தூள்:
கழுத்து விஷயம் விட்டுப்போச்சு. மொத்தம் 31 கிலோ இப்போது 33 ஆகிறது, பெரிய ஏற்றமில்லை. கழுத்து வளைகிறதா என்று பார்க்க, முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே கம்பியை அழுத்தி, ஏழாவதில் இடைவெளி பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்லது. அதைவிட நிறைய இருந்தால் எஃப்-சி-எஃப்-க்கு இறக்குங்கள், ஐந்தில் ஒரு பங்கு பாரம் குறையும். இதே கம்பிகளோடு ஏ-இ-ஏ ஏற்றினால் 42 கிலோ. டப்பா மூடியே உள்வாங்கிவிடும். அதற்கு 22, 28, 42 போடுங்கள்.