ஆணித் துளை இல்லாத சின்ன போர்டுக்குப் பெட்டி வரைவது எப்படி?

வெள்ளவத்தை_வயர்:
வணக்கம். வீட்டில் வெப்பநிலையும் ஈரப்பதனும் பார்க்க ஈஎஸ்பி32 சீ3 சூப்பர் மினி என்ற சின்ன வைஃபை போர்டையும் எஸ்எச்டி31 சென்சரையும் இணைத்து ஓட வைத்திருக்கிறேன், கோட் (நிரல்) எல்லாம் சரி, ஆனால் மேசையில் வயரோடு வெறுமனே கிடக்கிறது. கடல் பக்க யன்னலோரம் வைக்க வேண்டும், உப்புக்காற்று வேறு, அதனால் தீப்பெட்டியை விடப் பெரிதாகாத ஒரு பெட்டி வரையலாம் என்று ஃப்யூஷன் 360 என்ற வரையும் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போர்டு கிட்டத்தட்ட 22.5க்கு 18 மி.மீ. ராஸ்பெரி பை பைக்கோ போர்டில் இருப்பது போல மூலையில் திருகாணி போடத் துளை இதில் இல்லை. பசை போட்டு ஒட்ட மனமில்லை, பிறகு கழற்ற முடியாது. என்னிடம் 3டி பிரிண்டர் இல்லை, வெளியே காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் முடிந்த மட்டும் வரையும்போதே சரி பார்த்துவிட்டுக் கொடுக்கப் பார்க்கிறேன். போர்டை எதில் பிடித்து நிறுத்துவது? எவ்வளவு இடைவெளி விடுவது? மூடிக்கு கிளிப்பா ஆணியா? பிரிண்ட் எடுக்க பிஎல்ஏ பிளாஸ்டிக் போதுமா?

நொசில்04:
தம்பி, போர்டில் இருந்து தொடங்காமல் பிளக்கில் இருந்து தொடங்குங்கள். பெரும்பாலானோர் யூஎஸ்பி சீ வாய்க்கு 9க்கு 3.2 மி.மீ. அளவில் ஒரு துளை வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேபிளின் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் பிடி அந்தத் துளைக்குள் போகாது, அது 12.35க்கு 6.5 மி.மீ. வரைக்கும் இருக்கலாம் என்று யூஎஸ்பி சீ விதியிலேயே இருக்கிறது. சுவர் 2 மி.மீ. தடிப்பாக இருந்து போர்டின் வாயும் உள்ளே பின்வாங்கி நின்றால் பிடி சுவரில் முட்டி நிற்கும், பிளக் பாதிதான் இறங்கும், சும்மா தொட்டாலே கரண்ட் போகும். அதனால் ஒன்றில் வாயை வெளிச்சுவரோடு சமமாகக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் 13க்கு 7 அளவில் ஒரு பள்ளம் எடுத்து அந்த இடத்துச் சுவரை 0.8 மி.மீ. ஆக்குங்கள். பிரிண்டரின் 0.4 மி.மீ. நொசிலில் (பிளாஸ்டிக் வரும் முனையில்) அது சரியாக இரண்டு கோட்டு அகலம்.

போர்டைப் பிடிக்க: இரண்டு நீளப் பக்கத்திலும் அடியில் 1 மி.மீ. அகலத்தில் ஒரு படி விடுங்கள், அதன் மேல் போர்டு உட்காரும். படிக்குக் கீழே சோல்டர் முனைகளுக்கு 2 மி.மீ. ஆவது இடம் வேண்டும். கேபிள் குத்தும்போது போர்டு பின்னால் தள்ளப்படும், அந்த உதையைத் தாங்கப் பின்பக்கம் தடுப்பு கட்டாயம். ஆனால் அந்தப் பக்கம்தான் வைஃபைக்கான சிப் அன்ரெனா இருக்கிறது, எனவே தடுப்பை நடுவில் வைக்காமல் இரண்டு மூலையிலும் சின்னச் சின்னதாக வையுங்கள், அதன் கிட்ட உலோக ஆணி எதுவும் வேண்டாம். மேலே எழும்பாமல் இருக்க மூடியின் உள்பக்கத்தில் இரண்டு தூண் இறக்கினால் போதும்.

போர்டுக்கும் சுவருக்கும் இடைவெளி ஒவ்வொரு பக்கமும் 0.25 மி.மீ. இன்னொன்று, இந்தச் சூப்பர் மினியைப் பல பேர் செய்கிறார்கள், அளவு கொஞ்சம் கொஞ்சம் மாறும். இணையத்தில் கிடைக்கிற படத்தை நம்பாமல் உங்கள் கையில் இருப்பதையே வேணியர் அளவுகோலால் அளந்து எடுங்கள்.

சோல்டர்_அக்கா:
பெட்டியை விட எனக்குக் கவலை சென்சர்தான். வைஃபை ஓடும்போது அந்த சிப் நன்றாகச் சுடும். தீப்பெட்டி அளவு மூடிய பெட்டிக்குள் சென்சரையும் கூட வைத்தால் நீங்கள் அளக்கப்போவது அறையை அல்ல, சிப்பின் சூட்டை. வெப்பநிலை மட்டும் பிழைத்தால் பரவாயில்லை, ஈரப்பதனும் கூடவே போகும். அறை 30 டிகிரி, ஈரப்பதன் 75 வீதம் என்று வையுங்கள். சென்சரைச் சுற்றியுள்ள காற்று 33க்கு ஏறினால் அதே காற்றுக்கு சென்சர் காட்டுவது கிட்டத்தட்ட 63 வீதம். கொழும்பில் பூஞ்சணம் பிடிக்குமா என்று பார்க்கத்தானே பலர் இதைச் செய்கிறோம், 12 வீதம் சின்ன விஷயமில்லை.

இரண்டு அறையாகப் பிரியுங்கள். போர்டு இருக்கும் அறை மூடியபடி இருக்கட்டும், உப்புக்காற்றுக்கும் அது நல்லது. சென்சருக்குத் தனி அறை, அதற்குக் காற்றுப் பிளவுகள். இடையில் உள்ள சுவரில் நான்கு வயர் போகிற அளவுக்கு ஒரு துளை, வயர் போட்ட பிறகு சிலிக்கோன் ஒரு சொட்டு. சூடு மேலே போகும் என்பதால் சென்சர் அறை கீழே வருகிற மாதிரி பெட்டியை நிறுத்தி வையுங்கள். நிரலிலும் அளந்து அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப் என்ற உறக்க நிலைக்குப் போக வைத்தால் சூடே பெரிதாக வராது.

போர்டில் நீட்டி நிற்கும் ஊசி வரிசையை (பின் ஹெடர்) சோல்டர் பண்ணாதீர்கள், வயரை நேரே போர்டில் பற்றவையுங்கள். பெட்டியின் உயரம் பாதியாகும். பிஎல்ஏ 60 டிகிரிக்குக் கிட்ட இளகத் தொடங்கும், பின்னேர வெயில் நேரே விழுகிற யன்னலில் அதை வைக்க மாட்டேன். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் 80க்குக் கிட்டத்தான் இளகும். வெள்ளை நிறம் எடுங்கள்.

வெள்ளவத்தை_வயர்:
அக்கா, பூஞ்சணம் பார்க்கத்தான் செய்கிறேன், யன்னலோர அலுமாரிக்குப் பின்சுவர். சரி, இரண்டு அறையாகவே வரைகிறேன். கேபிள் பிடியை இப்போதுதான் அளந்தேன், 11.6க்கு 6.2. மூடியைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

தெஹிவளை_பிரிண்ட்:
இந்த அளவுக்கு கிளிப் வேண்டாம் என்பது என் எண்ணம். நிமிர்ந்து நிற்கிற மெல்லிய கிளிப் லேயருக்கு லேயர் பிரிந்து முறியும், அதுவும் நாலைந்து தரம் திறந்து மூடினாலே. பக்கத்தில் இருந்து தள்ளி மூடுகிற மூடி வரையுங்கள், ஓரம் சரிவாக, இடைவெளி 0.3. அப்படியென்றால் மேலே சொன்ன தூண் மூடியில் வர முடியாது, தள்ளும்போது இடிக்கும், அதற்குப் பதில் போர்டின் மேல்விளிம்பைப் பிடிக்கிற மாதிரிப் படிக்கு மேலே சின்ன உதடு ஒன்றை விட்டுவிடுங்கள், போர்டும் அதே பக்கத்தால் வழுக்கி உள்ளே போகும்.

அடிவிளிம்பைச் சுற்றி 0.4 சரிவு வெட்டுங்கள், முதல் லேயர் எப்போதும் கொஞ்சம் பிதுங்கும். போர்டில் நிரல் ஏற்ற அழுத்தும் பூட் பட்டனுக்கு நேரே ஊசி போகிற துளை. அதை மறந்தால் நிரலில் சிக்கல் வரும் நாளில் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.

காசு பற்றி: முழுப் பெட்டியையும் முதலில் கொடுக்காதீர்கள். யூஎஸ்பி பக்கத்தில் இருந்து 8 மி.மீ. மட்டும் வெட்டி அந்தத் துண்டையும், மூடி தள்ளுகிற ஓரத்தில் ஒரு துண்டையும் எடுங்கள், அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், உங்கள் கேபிளைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே குத்திப் பாருங்கள். பிரிண்டுக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு இல்லை, எனவே மி.மீ. என்று எழுதி, வெளி நீளம் அகலமும் சேர்த்து அனுப்புங்கள். அந்தத் துண்டு எடுத்த அதே பிரிண்டரிலேயே அதே ஃபிலமென்டில் (பிளாஸ்டிக் இழையில்) மிச்சத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 0.3 என்பது அங்கே 0.15 ஆகி மூடி பாதியில் இறுகி நிற்கும்.