மறு: மூளைநீர்த் தேக்கம்: ‘தீவிரத் தரம்’ வேண்டாம், ‘கடுமைப்படி’ இருக்கட்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

முதியோரின் மூளைக்குள் நீர் தேங்கி நடை, நினைவாற்றல், சிறுநீர்க் கட்டுப்பாடு மூன்றும் குலையும் நோய்க்கு (normal pressure hydrocephalus) தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். அது எவ்வளவு முற்றியது என்பதைக் காட்டும் எண்ணுக்கு (severity grade) ‘தீவிரத் தரம்’ என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வீடு வீடாகச் சென்று முதியோருக்கு இயன்முறை மருத்துவம் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். தீவிரம் என்றாலே எங்கள் பகுதி மக்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் கண்முன் வரும். ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் நோய்க்கு அந்தச் சொல் பொருந்தாது.

‘தரம்’ அதைவிட ஆபத்து. ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த அளவுகோலில் நடை, நினைவாற்றல், சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை எண்; கூட்டினால் அதிகபட்சம் 12. எண் ஏற ஏற நோய் முற்றுகிறது. முதுகில் ஊசி செலுத்தி மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை 30 முதல் 50 மில்லி வரை சோதனைக்காக எடுத்தபின் நடை தேறினால், ‘தரம் 3-இலிருந்து 2-ஆகக் குறைந்தது’ என்று எழுத வேண்டிவரும். அதைப் படிக்கும் மகன், அம்மாவுக்கு மோசமாகிவிட்டது என்றுதானே பதறுவார்? ‘நடையின் கடுமைப்படி 3-இலிருந்து 2-க்கு இறங்கியது’ என்றால் குழப்பமே இல்லை.

நடைக்கு 2 என்றால் தள்ளாட்டம் உண்டு, ஆனால் துணையின்றி நடக்கிறார். 3 என்றால் கைத்தடியோ ஆள்துணையோ வேண்டும். காசிமேட்டில் ஒரு பாட்டி கூடத்தில் கால்களை அகட்டி நடந்துவிடுவார். நிலைப்படி வந்ததும் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மருமகள் முழங்கையைப் பிடித்தால்தான் அடுத்த அடி. வயதானால் அப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஹக்கீம், ஆடம்ஸ் என்ற மருத்துவர்களும் அவர்களது குழுவினரும் 1965-லேயே விவரித்த நோய் இது. தேங்கும் மூளைநீரை வடிக்க உடலுக்குள் வடிகுழாய் (shunt) பொருத்தினால் பலர் தேறுகிறார்கள், நடைதான் பெரும்பாலும் முதலில் தேறும். மாற்றத்தை அன்றாடம் கவனிக்கப்போகிறவர் அந்த மருமகள். அவர் வாயில் நுழையாத சொல் நமக்கு எதற்கு?

நோயின் பெயரைப் பொறுத்தவரை, ‘நீர்த்தலை’ குழந்தைகளின் பெருத்த தலையை நினைவூட்டுகிறது. மண்டையோடு இறுகிவிட்ட முதியவருக்குத் தலை பெருக்காது. ‘நீர்க்கோவை’ என்றாலோ சளிக்கு நெற்றியில் பற்றுப்போடும் சித்த மருத்துவ மாத்திரை. எனவே ‘மூளைநீர்த் தேக்கம்’ என்பதே என் வாக்கு.

மூன்றையும் கூட்டி வரும் எண்ணுக்குக் ‘கடுமைக் கூட்டெண்’ என்று வைக்கலாமா? இதைவிட எளிதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.