புதுச் செண்பகத்தின் இலை ஓரம் கருகியபோது

நட்டு 3 வாரம் இருக்கும். செண்பகத்தின் இலைகள் ஓரத்திலிருந்து பழுக்க ஆரம்பித்தன. நுனி சருகாகிக் கையில் நொறுங்கியது, நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை. தண்ணீர் பத்தவில்லை என்று நானே தீர்ப்பு எழுதி, காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கருகல் கூடியது.

ஒரு நாள் குடத்தை வைத்துவிட்டு, தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டினேன். விரல் சேற்றில் புதைந்தது, சாக்கடை வாடை. களிமண்ணில் குழி வெட்டி, உள்ளே பொலபொலவென்ற மண்கலவையை நிரப்பியிருந்தேன். ஊற்றியதெல்லாம் வடிய வழியில்லாமல் தொட்டியில் நிற்பதுபோல் நின்றிருக்கிறது. வேர் நுனி கறுத்து, இழுத்தால் தோல் உறையாகக் கழன்று வந்தது. காற்றில்லாத வேர் தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் உறிஞ்சாது. மேலே இலைக்குத் தாகம்தான். வறட்சியும் நீர்த்தேக்கமும் இலையில் ஒரே முகம் காட்டுவது அதனால்தான்.

தாய்மண்ணோடு தூக்கி, அழுகியதை வெட்டி, சுற்று நிலத்தைவிட 3 விரற்கடை உயர்த்தி வைத்தேன். தண்டு வேராக விரியும் இடம் முன்பு மண்ணுக்குள் கிடந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதையே தினமும் பார்த்து வருந்தியது என் முட்டாள்தனம். நேற்று ஒரு கணுவில் துளிர் முனை தெரிந்தது.

*

செண்பகம் வைத்தவருக்கு நடந்ததற்கு நேர் எதிர் எனக்கு. நான் நட்டது மந்தாரை. மண்ணில் விரலை விட்டால் ஈரம், இலையோ கருகல். தண்டை ஒட்டி ஒரு குச்சியைக் குத்தினேன், இறங்கவே இல்லை. பையோடு வந்த மண்கட்டி இறுகிக் காய்ந்து, தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வெளிமண்ணுக்குப் போயிருக்கிறது. அந்தக் கட்டியின் மேலேயே சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் நனைக்க முடிந்தது. விரலை எங்கே விடுகிறோம் என்பதையும் பாருங்கள்.

*

உங்கள் இருவரையும் போல எனக்கும் ஒரு புதுச் செடி. இலை மொத்தமும் கொட்டியதும் பிடுங்கப் போனவள் நான். நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை! விட்டுவைத்தேன், துளிர்த்தது. நட்ட அன்றே கை நிறைய உரம் போட்டிருந்தேன், அந்த உரத்தின் உப்புதான் இலை ஓரத்தைக் கருக்கியிருக்க வேண்டும். திட்டுத்திட்டாகப் புள்ளி விழுந்து சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பூஞ்சையோ பாக்டீரியாவோ என்று சந்தேகப்படலாம். ஓரம் மட்டும் சீராகக் காய்வதற்கு மருந்து அடித்துப் பயனில்லை. அது தெரியாமல் வாங்கிய 3 பாட்டில் அலமாரியில் இருக்கிறது.