கொலையுண்டவரும் ஒரு காரணமா? வுல்ஃப்காங் ஆய்வு பற்றி ஓர் ஐயம்

கேள்வி:
அமெரிக்கக் குற்றவியலாளர் மார்வின் வுல்ஃப்காங் பிலடெல்பியா நகரில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ 26 விழுக்காட்டில் கொலையுண்டவரே தூண்டுதலாக இருந்தார் என்று எழுதியதைக் குற்றவியல் பாடத்தில் படித்தேன். இது பாதிக்கப்பட்டவர் மீதே பழியைச் சுமத்துவது ஆகாதா?

மறுமொழி 1:
தூண்டுதல் என்பதற்கு வுல்ஃப்காங் தந்த வரையறை மிகக் குறுகியது என்பதை முதலில் கவனியுங்கள். மோதலில் முதலில் கைநீட்டியவர் அல்லது ஆயுதத்தை எடுத்தவர் கொல்லப்பட்டவராகவே இருந்தால்தான் அந்தக் கணக்கில் சேர்த்தார். வெறும் வாய்ச்சண்டை அதில் சேராது. கேடு பின்னர் வந்தது. 1971இல் குற்றவியலாளர் மெனாக்கெம் அமீர் இக்கருத்தை அதே நகரின் பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு நீட்டியபோது, பெண் போதிய அளவு எதிர்க்கவில்லை என்பதுகூடத் தூண்டுதலாக எண்ணப்பட்டது. காவல்துறைக் கோப்புகளையே சான்றாகக் கொண்ட அந்த ஆய்வைப் பெண்ணியவாதிகள் கடுமையாக எதிர்த்தது முற்றிலும் நியாயம் என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியதோடு உடன்படுகிறேன். சமூகவியலாளர்கள் கோஹெனும் ஃபெல்சனும் 1979இல் முன்வைத்த அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாட்டையும் சேர்த்துப் படியுங்கள். குற்றம் செய்யத் துணிந்தவர், தகுந்த இலக்கு, காவலின்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதே குற்றம் நிகழ்கிறது என்பது அவர்கள் வாதம். பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்ததும், எளிதில் தூக்கிச் செல்லத்தக்க மின்சாதனங்கள் பெருகியதும் அமெரிக்காவில் திருட்டைக் கூட்டின என்று விளக்கினார்கள். அதில் வீட்டுக்காரரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் அமீரின் ஆய்வை அதன் மீதான மறுப்புகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்கப் போகிறேன்.