45 பாகைச் சாய்வுத் திருப்பத்தில் செஸ்னா 172 முன்கூட்டியே ஸ்டால் ஆகிறது

வணக்கம். கிருஷ்ணகிரியில், வீட்டுக் கணினியிலுள்ள சிமுலேட்டரில் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தை ஓட்டிப் பழகுகிறேன். நேராகப் பறக்கையில், ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் தகட்டை) இறக்காமல் எஞ்சின் விசையைத் தணித்தால், வேகமானியின் பச்சை வளைவு தொடங்கும் 48 நாட் அளவில்தான் ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கையின் தூக்குவிசை சட்டெனக் குறைகிறது. ஆனால் பொங்கலுக்குப் பிறகு பழகத் தொடங்கிய 45 பாகைச் சாய்வுத் திருப்பத்தில், உயரம் குறையாமலிருக்க ஸ்டிக்கை இழுக்கும்போது, 66 நாட் வேகத்திலேயே மூக்கு சரிந்து ஒருபக்க இறக்கை விழுந்துவிடுகிறது.

அந்தச் சாய்வில் சுமை 1.41 மடங்காவதால் ஸ்டால் வேகம் 19 விழுக்காடு கூடி ஏறத்தாழ 57 நாட் ஆக வேண்டும். மீதி 9 நாட்டுக்குக் கணக்கு கிடைக்கவில்லை. எச்சரிக்கை ஒலி மட்டும் என்றால் கேட்டிருக்கவே மாட்டேன், அது ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் முன்பே எழுவதுதான்.

ஜாய்ஸ்டிக்கைக் காலிபிரேட் செய்தேன், காற்றை நிறுத்தினேன், எரிபொருளைப் பாதியாக்கினேன். பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்தும் நடுவில்தான் நிற்கிறது. ஓசூரில் ஓடுபாதை இருந்தும், நேரில் கேட்க விமானி எவரும் எனக்குப் பழக்கமில்லை.

நான் ஓட்டும் விமானத்தில் தாக்குகோணத்தை (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணத்தை) காட்டும் கருவி இல்லாத நிலையில், வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்கமானி ஆகியவற்றில் எதைக் கவனித்தால், ஸ்டிக்கை அளவுக்கு மீறி இழுப்பதை மூக்கு சரியும் முன்பே கண்டுகொள்ளலாம்?